1,42,000 கி.மீ. ஓடிய ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்: ஏடிஎஃப் (கியர் பெட்டி ஆயில்) மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

அஸ்தம்பட்டி_வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் 2011 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 ஆட்டோமேட்டிக் வாங்கினேன். 5 கியர், பழைய டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) வகை, பெல்ட்டில் ஓடும் சிவிடி இல்லை. நான் மூன்றாவது ஓனர். மீட்டரில் 1,42,000 கி.மீ. இருக்கிறது. முன்பு வைத்திருந்த இருவரும் சென்னைக்காரர்கள்.

என் மனைவிக்கு ஏற்காட்டில் பள்ளி வேலை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் போய்விட்டது என்பதால்தான் ஆட்டோமேட்டிக்காகத் தேடி வாங்கினோம். அதனால் இந்த வண்டி ஊருக்குள் மட்டும் ஓடப்போவதில்லை, வாரம் முழுக்க மலை ஏறி இறங்க வேண்டியது.

சர்வீஸ் புத்தகத்தில் 88,000 கி.மீ. வரை முத்திரை இருக்கிறது. எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஏடிஎஃப் மாற்றியதாக எங்கேயும் ஒரு வரி இல்லை.

இப்போது இரண்டு விஷயம் கவனிக்கிறேன். காலையில் முதல் தடவை எஞ்சினைப் போட்டு ‘டி’க்குத் தள்ளினால் ஒரு நொடிக்கு மேல் ஒன்றும் நடக்காது. அப்புறம்தான் ‘தொப்’பென்று பிடிக்கும். சூடான பிறகு இது இல்லை. இரண்டாவது, 50, 55 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்துப் போகும்போது தரையிலிருந்து ஒரு சின்ன நடுக்கம் வருகிறது. நன்றாக மிதித்தால் போய்விடுகிறது.

இங்கே ஒரு மெக்கானிக், “ஒன்றரை லட்சம் கி.மீ. வரைக்கும் தொடாத கியர் பெட்டியை இப்போது தொட்டால் போய்விடும், அப்படியே ஓட்டுங்கள்” என்கிறார். இன்னொரு பட்டறையில், “மிஷின் போட்டு ஒரே மணி நேரத்தில் மொத்த ஆயிலையும் தள்ளி எடுத்துவிடலாம், எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்தான்” என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு மனதுக்கு ஒட்டவில்லை. என்ன செய்வது?

தாமிரபரணி_ஓட்டுநர்

சார், முதல் மெக்கானிக் சொல்வதுதான் சரி. எங்கள் மாமா ஒரு ஆட்டோமேட்டிக் வைத்திருந்தார், இரண்டு லட்சம் கி.மீ. ஓடியது. யாரோ சொன்னார்கள் என்று ஆயில் மாற்றினார். இரண்டு வாரத்தில் மூன்றாவது கியரே விழவில்லை. பெட்டியைப் பிரிக்க ஒன்றரை லட்சம் கேட்டார்கள், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பழைய ஆயிலில் இருக்கும் பிளேட் தூள்தான் பிடிமானம் கொடுக்கிறது, அதை எடுத்தால் வழுக்கும் என்று சொன்னார்கள். நன்றாக ஓடுகிற வண்டியை நோண்டாதீர்கள்.

பீளமேடு_கியர்பாக்ஸ்

வணக்கம் சார். நான் கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் பெட்டி வேலை மட்டும் செய்கிறவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. உங்கள் மாமா ஆயில் மாற்றியது எதற்காக? வண்டி நன்றாக ஓடும்போதே மாற்றினாரா, இல்லை கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகராமல் இருந்ததா? என் பட்டறைக்கு வரும் இந்த மாதிரிக் கதைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வழுக்க ஆரம்பித்த பிறகு, கடைசி மருந்தாக ஆயில் மாற்றுவார்கள். பெட்டி எப்படியும் சாகப் போகிறது, பழி புது ஆயில் மேல் விழும்.

பிளேட் தூள் பிடிமானம் கொடுக்கும் என்பதில் கடுகளவு உண்மை உண்டு. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட் என்பது இரும்புத் தட்டின் மேல் ஒட்டிய காகித நார் மாதிரியான பொருள். அது தேய்ந்து முடியும் நிலையில் இருந்தால், புது ஆயிலில் உள்ள சுத்தம் செய்யும் ரசாயனம் மேலே படிந்த கறையைக் கரைத்து எடுக்கும்போது வழுக்கல் வெளியே தெரியலாம். ஆனால் அந்தத் தூள் அதே நேரத்தில் வால்வ் பாடிக்குள் (ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் இருக்கும் பகுதி) புகுந்து சோலினாய்டின் (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) சல்லடையை அடைக்கிறது, வால்வுகளைச் சிக்க வைக்கிறது. இன்று கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது என்பதற்காக அழுக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு, நல்ல நிலையில் இருக்கும் மற்ற பிளேட்டுகளையும் சேர்த்துத் தேய விடுவதா? எனக்கு ஒப்பவில்லை. உங்கள் வண்டியில் இன்னும் வழுக்கல் வரவில்லை சார். வந்திருப்பது தாமதமும் நடுக்கமும்தான். இந்தக் கட்டத்தில் மாற்றினால்தான் பலன் உண்டு.

ஏடிஎஃப்பை வெறும் எண்ணெய் என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். எஞ்சினின் சக்தியைக் கன்வர்ட்டருக்குள் கடத்துவது இதுதான். அழுத்தம் கொடுத்துக் கிளட்ச்சைப் பிடிக்க வைப்பது, பல்சக்கரத்துக்கு வழவழப்பு தருவது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாமே இதன் வேலை. பல்சக்கரம் வழுக்க வேண்டும், அதே எண்ணெயில் நனைந்த பிளேட் பிடிக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே திரவம் செய்வதற்குத்தான் உராய்வைச் சரிசெய்யும் கலவை சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்க ஏடிஎஃப்பில் இதற்காகத் திமிங்கல எண்ணெய் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே அதற்குத் தடை வந்தபோது, மாற்றுப் பொருள் சரியாக அமையும்வரை பெட்டிகள் பாடாய்ப் பட்டன. கலவையில் ஒரு பொருள் மாறினாலே அந்த விளைவு என்றால், “எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்” என்பவரை எப்படி நம்புவது?

உங்கள் வண்டிக்கு ஹோண்டா ஏடிஎஃப் டிடபிள்யூ-1. அதற்கு முன்பு இசட்-1 என்று இருந்தது, அதன் இடத்துக்கு வந்ததுதான் இது. உள்ளே பழைய இசட்-1 இருந்தாலும் மேலே டிடபிள்யூ-1 ஊற்றலாம், சேரும். ஹோண்டாவின் இந்தப் பெட்டி மற்ற கம்பெனிகளின் பெட்டி மாதிரி அமைப்பே கிடையாது. மேனுவல் பெட்டியைப் போல இணையான தண்டுகள், அதன்மேல் பல்சக்கரங்கள், கியரைப் பிடித்து விடுவதற்குத் தனித்தனி கிளட்ச் கட்டு. ஆயில் விஷயத்தில் வெளிக் கம்பெனி ஆயிலைப் போட்டுச் சோதனை செய்ய வேண்டாம் என்பது என் பிடிவாதம். மிச்சமாகும் பணம் சொற்பம்.

சரி, மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுழலும்வரை எஞ்சின் சூடாகட்டும். பிறகு அணைத்துவிட்டு, 60 முதல் 90 நொடிக்குள் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். மற்ற பல கம்பெனி வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளவு பார்ப்பார்கள், ஹோண்டாவில் அணைத்துவிட்டுத்தான். இதைத் தெரியாமல் ஓடும்போது பார்த்து, “குறைகிறது” என்று கூடுதலாக ஊற்றி, நுரைத்துப் போன வண்டிகள் நிறைய வரும். துடைப்பதற்குப் பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை மட்டும் தொடாதீர்கள். திருப்பூர்ப் பக்கம் என்பதால் எங்களுக்கு அது மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், எஞ்சின் வேலைக்கு நல்லது, ஆனால் அதன் நூல் ஒன்று உள்ளே போனாலும் சல்லடையில் போய் உட்காரும். நார் உதிராத துணியோ டிஷ்யூவோ போதும்.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்போ, சிவப்பு கலந்த பழுப்போ என்றால் பயமில்லை. அடர் பழுப்பு, ஆனால் கருகல் வாடை இல்லை என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கன்னங்கரேல் என்று இருந்து, மூக்கில் ஏறும் கருகல் வாடையும் அடித்து, விரலில் தேய்த்தால் நறநறவென்றும் இருந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. அந்த நிலையில் ஆயிலுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பணத்தைப் பெட்டி பிரிக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சென்னை வண்டி என்றீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று விசாரியுங்கள். பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். கூலன்ட் கசிந்து கலந்தாலும் இதே நிறம்தான். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். தண்ணீர் பட்ட பிளேட்டில் ஒட்டியிருக்கும் நார்ப் பூச்சு உரிந்து வரும். இத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்பதால் உங்களுடையது அப்படி இருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

நடுக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் வேகத்தில், லேசான மிதியில்தான் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச், அதாவது எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் கிளட்ச், பிடிக்கும். ஆயிலின் உராய்வுக் கலவை செத்துப்போனால் அது ஒரே சீராகப் பிடிக்காமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வரும். அதுதான் உங்களுக்கு நடுக்கமாகத் தெரிகிறது என்று என் ஊகம். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத, பின்னால் வண்டி வராத சாலையில், நடுக்கம் வரும்போது ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. பிரேக் விளக்கு எரியும் அளவு போதும், அதற்குமேல் அழுத்தாதீர்கள். லாக்-அப் உடனே விடுபடும். நடுக்கமும் அந்த நொடியே நின்றால் குற்றவாளி லாக்-அப்தான். நிற்கவில்லை என்றால் எஞ்சின் மவுன்ட், பிளக், காயில் என்று பக்கத்தில் தேட வேண்டும். மவுன்ட் போயிருந்தால் சிக்னலில் ‘டி’யில் நிற்கும்போதே ஸ்டீயரிங் ஆடும், அதையும் கவனியுங்கள்.

டேஷ்போர்டில் ‘டி’ எழுத்து விட்டு விட்டு மின்னுகிறதா? மின்னினால் பெட்டியின் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்யாமல் ஆயிலில் கை வைக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து ஆயில் மட்டும்தான் பழசு என்று தெரிந்தால், வேலை சுலபம். கீழே ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட் நேராக உட்காரும், தனி சாக்கெட் வேண்டாம். ஆயில் கையில் பட்டால் பொறுக்கும் சூடு இருக்கும்போது அவிழ்க்கலாம். போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கும், அதைக் கழுவுவதற்கு முன்னால் நன்றாகப் பாருங்கள். மை மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இத்தனை கி.மீ.க்குச் சாதாரணம். சீவல் சீவலாக இரும்பு, அல்லது பல்லின் துண்டு இருந்தால் அங்கேயே நிறுத்தி எனக்கோ உங்கள் ஊரில் பெட்டி வேலை தெரிந்தவருக்கோ காட்டுங்கள்.

வழிந்ததை அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். சுமார் இரண்டரை லிட்டர் வரும். வந்த அளவே திரும்பப் போகட்டும், பிறகு மேலே சொன்னபடி டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள். கூடுதலும் கெடுதல், குறைவும் கெடுதல். போல்ட்டுக்கு 18 மி.மீ. அலுமினிய வாஷர் ஒன்று புதிதாகப் போடுங்கள். 49 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் உடம்பு அலுமினியம், பலம் காட்டினால் மறை போய்விடும், அதைச் சரிசெய்வது தலைவலி.

பெட்டிக்குள் மொத்தம் ஆறு லிட்டர் பக்கம் இருக்கும். கன்வர்ட்டருக்குள் இருப்பது கீழே வழியாது. அதனால் ஒரு தடவை மாற்றினால் 58 சதவீதம் பழசு உள்ளேயே இருக்கும். சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் பழசு 34 சதவீதமாகும், மூன்றாவதில் 20. இப்படிப் படிப்படியாகப் போவதுதான் பழைய பெட்டிக்கு நல்லது. அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும், பெட்டியின் போக்கையும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளலாம். மிஷின் வைத்துத் தள்ளுவதை நான் இவ்வளவு கி.மீ. ஓடிய, ஒரு முறைகூட மாற்றாத பெட்டிக்குச் செய்வதில்லை. பல வருட அழுக்கை ஒரே நேரத்தில் கிளப்பி விட்டால் அது எந்தத் துவாரத்தில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு அந்த மிஷினின் குழாயில் முந்தைய வண்டியின் ஆயில் மிச்சம் இருக்கும். இந்தப் பெட்டியின் உள் சல்லடையை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியையே பிரிக்க வேண்டும், அதனால் “ஃபில்டரும் மாற்றித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் எந்த ஃபில்டர் என்று கேளுங்கள்.

நடுக்கத்தை நிறுத்தும் மருந்து என்று சின்ன புட்டியில் விற்பதை வாங்காதீர்கள். டிடபிள்யூ-1இல் தேவையான கலவை அளவோடு இருக்கிறது.

குரோம்பேட்டை_2015

அருமையான விளக்கம் அண்ணா. என்னிடம் 2015 சிட்டி ஆட்டோமேட்டிக் இருக்கிறது, 96,000 கி.மீ. எனக்கும் இதே டிடபிள்யூ-1 ஊற்றலாமா? கம்பெனியில் “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்” என்று ஒருவர் சொன்னார்.

பீளமேடு_கியர்பாக்ஸ்

வேண்டவே வேண்டாம் தம்பி! உங்களுடையது 2014இல் வந்த தலைமுறை, அதில் இருப்பது சிவிடி. கியரே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட். அதற்கு ஹோண்டா எச்சிஎஃப்-2 என்ற திரவம் மட்டும்தான். ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கோடு விழும், பிறகு பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். 2003இல் வந்த பழைய சிட்டியிலும் சிவிடி உண்டு, அதற்குத் திரவம் வேறு. ஒரே பேரில் மூன்று தலைமுறை, மூன்று திரவம். கடையில் “ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில்” என்று மட்டும் கேட்காதீர்கள். மாடல் வருடத்தைச் சொல்லி, டப்பாவில் அச்சடித்த பேரை உங்கள் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஆயுள் ஆயில் என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பிஎம்டபிள்யூ மாதிரி வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுப்பது ஜெர்மனியின் இசட்எஃப். பெட்டியைச் செய்யும் அந்தக் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. எண்ணெய்த் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு, சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பார்கள். சித்திரை வெயிலில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஊர்ந்து போகும் வண்டிக்கு ஐரோப்பாவின் கணக்கு எப்படிப் பொருந்தும்? நீங்கள் 96,000க்கு வந்துவிட்டீர்கள், எச்சிஎஃப்-2 வாங்கி இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

தாமிரபரணி_ஓட்டுநர்

நேற்று மாமாவிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரிதான். ஆயில் மாற்றுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் கத்தியிருக்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகும் என்று பட்டறையில் சொன்னார்களாம். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கிள்ளான்_குமார்

மலேசியாவிலிருந்து வணக்கம். எங்கள் பக்கம் மைவி, சாகா என்று தெருவில் போகும் கார்களில் முக்கால்வாசி ஆட்டோமேட்டிக்தான். அதனால் ஆட்டோமேட்டிக் பெட்டி எண்ணெய் மாற்றுவது இங்கே எஞ்சின் எண்ணெய் மாற்றுவது மாதிரி சாதாரண வேலை, பட்டறையில் யாரும் பயந்து பார்த்ததில்லை. என் மைவி பழைய நான்கு கியர், வாங்கும்போதே நிறைய ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக வடித்து ஊற்றித்தான் சரிசெய்தேன்.

சேலம் அண்ணனுக்கு ஒன்று மட்டும். கெந்திங் மலைக்குப் போய் இறங்கும்போது இங்கே பல பேர் ‘டி’யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், கீழே வந்து சேரும்போது புகை வரும். உங்கள் வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடல் இருந்தால் ‘எஸ்’ (ஸ்போர்ட்) நிலையில் போட்டு இரண்டாவது கியரில் இறங்குங்கள். ஏறும்போதும் அப்படியே. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பெட்டி அலைபாய்ந்துகொண்டே இருந்தால்தான் எண்ணெய் கொதிக்கும்.

அஸ்தம்பட்டி_வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. பீளமேடு அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், விவரம் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இல்லை. முதல் ஓனரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன், அவர் அப்போது மதுரையில் வேலையில் இருந்தார், வண்டியும் அங்கேதான். தாளில் விட்ட சொட்டு அடர் பழுப்பு, கருகல் வாடை இல்லை. ‘டி’ மின்னவில்லை. ஏற்காடு அடிவாரம் தாண்டி ஆளில்லாத இடத்தில் பிரேக் சோதனை செய்தேன். தொட்ட நொடி நடுக்கம் நின்றது, விட்டதும் திரும்ப வந்தது.

ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. அப்போதே உங்களிடம் கேட்டிருப்பேன், ஆனால் பட்டறையில் நேரம் வாங்கியிருந்ததால் நேரே போய்விட்டோம். வடித்தபோது இரண்டு லிட்டர் கூட வரவில்லை. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும், விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், உறுத்தல் இல்லை. பட்டறைக்காரர் பழைய வாஷரையே திருப்பிப் போடப் போனார், புதியதைக் கையில் கொடுத்தேன். டிடபிள்யூ-1 ஊற்றி அளவை மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் வைத்தோம்.

முதல் தடவைக்கே காலைத் தாமதம் போய்விட்டது. இரண்டாவது தடவையும் முடிந்தது. இந்த முறை வடிந்தது பழுப்பிலிருந்து சிவப்புப் பக்கம் வந்திருந்தது. நடுக்கம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, ஆனால் ஐந்தாவது கியரில் லேசான ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. மனைவி பேடலில் இரண்டாவது போட்டு இறங்கப் பழகிவிட்டார்.

ஒரே கவலை, வண்டி நிற்கும் இடத்தில் இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் தரையில் சின்னச் சிவப்புக் கறை தெரிகிறது. முன்பே இருந்ததா, இப்போதுதான் வருகிறதா என்று தெரியவில்லை. மூன்றாவது தடவையை இப்போதே செய்யலாமா?

பீளமேடு_கியர்பாக்ஸ்

சார், படிக்கவே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. காலைத் தாமதத்துக்குக் காரணம் அளவு குறைவுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பம்ப் இழுக்க ஆயில் போதாமல், அழுத்தம் ஏறுவதற்கு நேரம் எடுத்திருக்கிறது. முன்பு தரையில் கறை தெரியாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மட்டம் குறைவாக இருந்தபோது மெதுவாகக் கசிந்தது, இப்போது மட்டம் ஏறியதும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்புச் சாயம் போட்டிருப்பதே இதைக் கண்டுபிடிக்கத்தானே, எஞ்சின் ஆயிலாக இருந்தால் தேன் நிறமோ கறுப்போ இருந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் இடது டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பெட்டிக்குள் நுழையும் இடத்தின் ஆயில் சீல். ரப்பர் காய்ந்து, உதடு தேய்ந்திருக்கும். அண்டர்கவரைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது தடவையை இப்போது செய்யாதீர்கள். சீல் மாற்ற ஷாஃப்ட்டை இழுத்தால் எப்படியும் ஆயில் கீழே கொட்டும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரெய்ன் போல்ட்டைத் திறந்து முழுக்க வடித்துவிட்டு, ஷாஃப்ட்டை எடுத்து, சீல் மாற்றி, அப்புறம் ஊற்றச் சொல்லுங்கள். சீல் ஹோண்டாவின் சொந்தப் பொருளாக இருக்கட்டும். அடிக்கும்போது சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் கோணலாக உட்கார்ந்து மறுபடி ஒழுகும், சம அளவு வளையம் வைத்து நேராக அழுத்த வேண்டும். ஷாஃப்ட்டைத் திரும்ப நுழைக்கும்போது அதன் பற்கள் புது சீலின் உதட்டைக் கீறாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் முனையில் இருக்கும் கம்பி வளையத்தையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. இந்த வேலையில் பக்கத்திலேயே நில்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அதுவரைக்கும் வாரம் ஒரு முறை அளவு பாருங்கள், குறைந்தால் அதே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு ஆயிரம் கி.மீ. மலையும் சமவெளியுமாக ஓட்டிவிட்டு அந்த ஐந்தாவது கியர் நடுக்கம் இருக்கிறதா என்று எழுதுங்கள். அப்போதும் இருந்தால் லாக்-அப் சோலினாய்டைச் சோதிக்க வேண்டும். அதைப் பெட்டியை இறக்காமலே பார்க்கலாம், பெரிய செலவு இல்லை. பி0740, பி0741 என்று லாக்-அப் கோளாறுக்கான எண் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.